கல்லெலிக்கு ஒட்டின டேக்

எனக்கு பஸ்ஸு ஆகாதுங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது. சும்மா நிக்கிற பஸ்ஸோட டீசல் வாசனை பட்டாலே எனக்கு நாக்குக்கு அடியில தண்ணி ஊறும். கண்டக்டர் விசில் அடிக்கிறதுக்குள்ள கையில கவர் இருக்கணும். கல்யாணமாகி கெலமங்கலத்துலேருந்து ஓசூருக்கு வந்த அன்னைக்கு வண்டியில நான் பண்ணின அலங்கோலத்தை என் மாமியார் இன்னைக்கும் வர்ற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாங்க. எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், மாத்திரை, தொப்புள்ல விளக்கெண்ணெய்னு எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் கேக்கல.

அதுக்கோசரந்தான் சிப்காட்டுல இந்த ரப்பர் புஷ் கம்பெனியை விடாமப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்கேன். வீட்டுலேருந்து நடந்தே போயிடலாம். புஷ்ஷுன்னா வேற ஒண்ணுமில்ல, வண்டி குலுங்காம இருக்க அடியில மாட்டுற ரப்பர் வளையம். அதை டப்பாவுல அடுக்கக் கான்ட்ராக்ட்ல வந்தவ, இன்னைக்கு ஸ்டோர் இன்சார்ஜ். சட்டையில 'மாதேஸ்வரி'ன்னு பேரு தெச்சிருக்கும். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த ரேக்குல எந்த புஷ் இருக்குன்னு தடவி எடுத்துக் குடுப்பேன். அந்த ஸ்டோர்னா எனக்கு உசுருங்க.

அதுலதான் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நம்மகிட்ட சரக்கு வாங்குற பெங்களூர்க் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வர்றாங்களாம். ஸ்டோர்ல 'மேஜர்'னு ஒரே ஒரு பெரிய தப்பு எழுதிட்டாலும் ஸ்டோரையே தூக்கி, அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட கர்நாடகாவுல இருக்கிற ரெண்டாவது யூனிட்டுக்குக் கொண்டுபோயிடுவாராம். அங்க இடம் சும்மாக் கெடக்குதாம். "உங்களுக்கு என்ன மாதேஸ்வரி, கம்பெனி பஸ்ஸே வீட்டு வாசல்ல வந்து ஏத்திக்கும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். போகலைன்னா வேலை போச்சு, போனா நான் போச்சு.

சரி, ஒரு தப்பும் இல்லாமப் பண்ணிடுவோம்னு இடுப்புல துப்பட்டாவைக் கட்டிக்கிட்டு இறங்கினேன். கூட ஒத்தாசைக்கு ஹரீஷ்குமார். அந்தத் தம்பிதான் எங்க கம்பெனியோட ஃபைவ் எஸ் பொறுப்பு. ஃபைவ் எஸ்ஸுன்னா ஜப்பான்காரங்க சொல்லிக் குடுத்த ஒழுங்காம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம், ஒரு டேக், டேக்குல ஒரு பொறுப்பாளர் பேரு. எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும். எங்கம்மா இதையே விளக்குமாத்தைக் காட்டிச் சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கு ஜப்பானுக்குப் போகல.

ஹரீஷ்குமார் நல்ல பையன்தான். ஆனா கையில ஒரு டேக் மெஷினைக் குடுத்துட்டாங்க. அதுலேருந்து அவர் மனுசனாவே இல்ல. குப்பைத்தொட்டிக்கு டேக். குப்பைத்தொட்டி மூடிக்குத் தனி டேக். டேக் மெஷினுக்கே ஒரு டேக். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற நூருல்லா பாயோட டீ ஃபிளாஸ்க்குல 'டீ, குறைந்தபட்ச இருப்பு ஒரு கப்'னு ஒட்டிட்டார். கேட்டுல படுத்திருக்கிற நாய்க்கும் ஒட்டப் பாத்தார், நாய் ஒத்துக்கல.

இப்படி இருக்கிறப்பதான் கல்லு வந்துச்சு.

ஸ்டோருக்குப் பின்னாடி கொஞ்சம் காலி இடம் உண்டு. செம்மண்ணும் சரளையுமாக் காஞ்சு கெடக்கும், புல்லுகூட யோசிச்சுத்தான் முளைக்கும். சுவரோரமா ஒரு மண்கரை. ஒருநாள் காலையில பாக்கிறேன், அந்தக் கரையோரத்துல கொண்டைக்கடலை அளவுக்குச் சின்னச் சின்னக் கல்லா ஒரு குவியல். அழகாக் குவிச்சு வெச்சிருக்கு. யாருடா வேலையத்தவன்னு பெருக்கித் தள்ளினேன். மறுநாள் அதே இடத்துல அதே மாதிரி குவியல். மறுபடி பெருக்கினேன். மறுபடி வந்துச்சு.

எனக்கு யார் மேல சந்தேகம்? வாட்ச்மேன் திம்மராயண்ணன் மேலதான். வேலை நேரத்துல உக்காந்து கல்லு விளையாடுற ஆளுதான் அவர்.

"அண்ணா, ஆடிட்டு வருது, இன்னாத்துக்கு என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறீங்க?"ன்னு கேட்டேன்.

"ஐயோ தேவரே, சாமி! நான் இல்லம்மா! எங்க மாரியம்மன் மேல ஆணை!"ன்னு அந்த மனுசன் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினார். தமிழ்ல ஒரு தடவை, கன்னடத்துல ஒரு தடவை, எதுக்கும் இருக்கட்டும்னு தெலுங்குல ஒரு தடவை. மூணு பாஷையிலயும் பொய் சொல்ற அளவுக்கு அவர் கெட்டவர் இல்ல. நானும் விட்டுட்டேன்.

விஷயம் ஹரீஷ்குமார் காதுக்குப் போச்சு. அவர் சும்மா இருப்பாரா? எங்களையெல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சு, வெள்ளை போர்டுல 'ஏன் ஏன்' போட்டார். எந்தப் பிரச்சினைக்கும் அஞ்சு தடவை ஏன்னு கேட்டா வேரு கெடைக்கும்னு கம்பெனியில ஒரு நம்பிக்கை.

"கல் ஏன் அங்க இருக்கு? யாரோ வைக்கிறாங்க. ஏன் அங்க வைக்கிறாங்க? வேற இடம் இல்ல. ஏன் இல்ல? நாம ஒதுக்கல. ஏன் ஒதுக்கல? கல் நம்ம ஸ்டாக்லயே இல்ல. ஏன் ஸ்டாக்ல இல்ல?" பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தார். "இன்சார்ஜ் சேக்கல."

பாத்தீங்களா? எங்கேயோ கெடந்த கல்லை அஞ்சே கேள்வியில என் தலையில கொண்டாந்து கட்டிட்டார். எங்கம்மாகூட என்னை இவ்வளவு வேகமாக் குத்தவாளி ஆக்கினதில்ல.

சாயங்காலத்துக்குள்ள அந்தக் குவியலைச் சுத்தி மஞ்சப் பெயிண்ட்ல கட்டம் போட்டாச்சு. ஒரு குச்சி நட்டு டேக் தொங்கவிட்டாச்சு. 'கூழாங்கல். குறைந்தபட்சம் 25. அதிகபட்சம் 40. பொறுப்பு: மாதேஸ்வரி.'

"தம்பி, இந்தக் கல்லு எதுக்குன்னே நமக்குத் தெரியாதே"ன்னேன்.

"அது ரெண்டாவது மேடம். முதல்ல கன்ட்ரோல்ல வந்துடுச்சு பாருங்க"ன்னு கையைத் தட்டிக்கிட்டார். நான் தலையில அடிச்சிக்கிட்டேன்.

அதுலேருந்து என் பொழப்பு நாறிப்போச்சு. டேக்குல எழுதியிருக்கிற இருப்பு நெஜத்துலயும் இருக்கணும், அதான் ஆடிட்டு. காலையில வந்ததும் புஷ்ஷை எண்ணாம மண்டியிட்டுக் கல்லை எண்ணிக்கிட்டிருந்தேன். ஒருநாள் அதிகமா இருக்கும், பொறுக்கித் தூரப் போடுவேன். ஒருநாள் கம்மியா இருக்கும், மடியில கட்டிக்கொண்டாந்து கொட்டுவேன். "அக்கா, கல்லு ரேட்டு ஏறிடுச்சா?"ன்னு நூருல்லா பாய் ஃபோர்க்லிஃப்ட் மேலேருந்து கிண்டல் பண்ணுவார். எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணுங்க லைன்ல நிக்கிற கம்பெனியில நான் கல்லு எண்ணுற வேலைக்குப் பதவி உயர்வு வாங்கியிருந்தேன்.

ஒரு நாள் இருட்டு பிரியறதுக்குள்ளயே வந்துட்டேன். எந்தப் பாவி வைக்கிறான்னு இன்னைக்குப் பாத்தே தீரணும்னு ஒரு வெறி. மண்கரை ஓரமா மரப்பலகை அடுக்குக்குப் பின்னாடி உக்காந்தேன். நூருல்லா பாயும் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு துணைக்கு வந்து உக்காந்தார். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊத்தப் போனவர் அப்படியே நின்னுட்டார்.

ஒரு கல்லு நடந்து வருது.

பொய்யில்லங்க. ஒரு கல்லு தானா நகந்து வருது. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அப்புறம் பாத்தா கல்லுக்குப் பின்னாடி ஒரு மூஞ்சி, மூஞ்சிக்குப் பின்னாடி ரெண்டு காது. என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீட்டு, அவ்வளவுதான் உடம்பு. முதுகு செம்மண் நெறம், வயிறு வெள்ளை, ரோமமெல்லாம் துணி துவைக்கிற பிரஷ்ஷு மாதிரி வெறச்சிக்கிட்டு நிக்குது. வாயில கல்லைக் கவ்விக்கிட்டு வந்து குவியல்ல வெச்சுது. ஒரு அடி தள்ளி நின்னு பாத்துச்சு. பிடிக்கல போல, எடுத்து வேற பக்கம் வெச்சுது. வெளிச்சம் வர ஆரம்பிச்சதும் குவியலுக்கு நடுவுல இருந்த ஓட்டைக்குள்ள நுழைஞ்சு, உள்ள இருந்துக்கிட்டே கல்லை ஒண்ணொண்ணா இழுத்து வாசலை அடைச்சுக்கிச்சு. கதவைச் சாத்திட்டுத் தூங்கப் போயிடுச்சுங்க!

"யா அல்லா, எலிக்கு இவ்வளவு ஒழுங்கா!"ன்னார் நூருல்லா பாய். டீ முழுக்கப் பேண்ட்டுல.

அவர் பொண்ணு மெஹ்னாஸ் கிருஷ்ணகிரியில காலேஜுல விலங்கியல் படிக்குது. பாய் அப்பவே செல்போன்ல எடுத்த வீடியோவை அனுப்பினார். கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிச்சு. மூச்சு விடாமப் பேசுது.

"அத்தா, அத்தா, அதை அடிச்சிடாதீங்க! அது கல்லெலி. நம்ம வீட்டு எலி மாதிரி இல்ல, வீட்டுக்குள்ளயே வராது. காஞ்ச சரளை நிலம்தான் அதுக்குப் பிடிக்கும். புல்லு விதை, பூச்சி தின்னும். ராத்திரிதான் வெளிய வரும். பகல்ல வாசல் கல்லால அடைச்சிருந்தா அது உள்ள தூங்குதுன்னு அர்த்தம். உள்ள ஒரு சின்ன அறை இருக்கும், அதுல கல்லையே மெத்தை மாதிரி பரப்பி அது மேலதான் படுக்கும். ரோமம் முள்ளு மாதிரி இருக்கிறதால உறுத்தாது. குட்டி கூட இருக்கலாம் அத்தா. அடிச்சீங்கன்னா நான் உங்ககூடப் பேச மாட்டேன்."

கல்லு மேல படுத்துத் தூங்குதாம்! எங்க வீட்டுக்காரருக்கு ஆறு இன்ச் மெத்தை வாங்கிக் குடுத்தும் ராத்திரியெல்லாம் முனகிக்கிட்டுப் புரள்றார்.

சந்தோஷம் ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் எனக்கு உறைச்சுது. கல்லுன்னா சரி, டேக் இருக்கு. எலின்னு தெரிஞ்சா? ஸ்டோர் சுவரை ஒட்டி எலி! ரப்பர் வெச்சிருக்கிற இடத்துல எலின்னா நேரா மேஜர்தான். மேஜர்னா அத்திப்பள்ளி. அத்திப்பள்ளின்னா பஸ்ஸு.

"பாய், நாம ஒண்ணும் பாக்கல"ன்னேன். 

"எதைக்கா?"ன்னார். நல்ல மனுசன்.

அதுக்கப்புறம் அதோட எனக்கு ஒரு உறவே வந்துடுச்சு. என் ஸ்டோர்ல லீவு கேக்காம, செல்போன் நோண்டாம, சொன்ன இடத்துல சொன்ன பொருளை வைக்கிற ஒரே ஆள் அதுதான். கல்லைத் தூரப் போடறதை நிறுத்திட்டேன், அது பாட்டுக்கு எவ்வளவு பாடுபட்டுக் கொண்டாந்ததோ. கொஞ்சம் ராகி மடியில கொண்டுபோய்த் தூவிட்டு வருவேன். நாய் அந்தப் பக்கம் போனா விரட்டுவேன். "டியூட்டி முடிஞ்சுதாடி?"ன்னு காலையில மூடியிருக்கிற வாசலைப் பாத்துக் கேப்பேன். ஆமா, பொம்பளைன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஆம்பளையா இருந்தா இவ்வளவு வேலை செய்யாது.

ஆடிட்டுக்கு முந்தின நாள் பூச்சி மருந்துக்காரங்க வந்து சுவரோரமெல்லாம் எலி ஒட்டுற பசை அட்டையை வெச்சுட்டுப் போனாங்க. மண்கரை ஓரத்துல ரெண்டு. அவங்க தலை மறைஞ்சதும் ரெண்டையும் தூக்கிக்கொண்டுபோய் ஆஃபீஸ் கதவோரமா வெச்சேன். எலி வராத இடமாப் பாத்துத்தான் வெச்சேன், ஹரீஷ்குமார் வர்ற இடம்னு தோணல. அவர் போன் பேசிக்கிட்டே வந்து வலது காலை ஒண்ணுல வெச்சார். அதை எடுக்க இடது காலை இன்னொண்ணுல வெச்சார். பனிச்சறுக்கு விளையாடுறவர் மாதிரி பட்டுப்பட்டுனு ரெண்டு அட்டையோட நடந்து வந்து, "மேடம், இதுக்கு டேக் இல்ல!"ன்னு கத்தினார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு விட்டேன். ஷூவுல ஒண்ணு அங்கேயே செத்துப்போச்சு.

மறுநாள் ஆடிட்டர் வந்தார். நாராயணப்பன்னு பேரு. பெங்களூர்க்காரர், தமிழ் நல்லாவே பேசுவார். சிரிக்கிறதுக்குத் தனியா சம்பளம் குடுக்கணும் போல. ரேக்கு மேல விரலை வெச்சுத் தேய்ச்சுப் பாத்தார், தூசி இல்ல. புஷ்ஷை எண்ணினார், சரியா இருந்துச்சு. எதைக் கேட்டாலும் நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்து நீட்டினேன். "குட்"டுன்னார். முதலாளி முகத்துல பல்லு தெரிஞ்சுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும் போல ஆயிடுச்சு. நடந்தே வரலாம், நடந்தே போகலாம், சாகுற வரைக்கும்.

அப்பதான் அந்த மனுசன் பின்கதவைத் திறந்தார்.

நேராப் போய் மஞ்சக் கட்டத்துக்கு முன்னாடி நின்னார். டேக்கைப் படிச்சார். கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி படிச்சார்.

"இந்தக் கல் எதுக்கு உபயோகம்?"

நான் ஹரீஷ்குமாரைப் பாத்தேன். ஹரீஷ்குமார் வானத்தைப் பாத்தார். "சார், அது... கன்ட்ரோல்ல இருக்கு சார்."

"எண்ணிப் பாக்கலாமா?"ன்னுட்டு ஆடிட்டரே குந்தி உக்காந்து, குவியல் உச்சியிலேருந்து ஒரு கை நிறையக் கல்லை அள்ளினார். கீழ ஓட்டை திறந்துக்கிச்சு. எல்லாரும் குனிஞ்சோம். உள்ளேருந்து ஒரு மூஞ்சி வந்துச்சு. மீசையை ஆட்டிச்சு. வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு, ஆடிட்டரோட ஷூ ஓரத்துல விழுந்து கெடந்த ஒரு கல்லைக் கவ்வி உள்ள இழுத்துச்சு. இன்னொரு கல்லு. இன்னொண்ணு. வாசல் மூடிக்கிச்சு. தூக்கத்துல எழுப்பினா எனக்கும் இப்படித்தான் எரிச்சல் வரும்.

"இலி!"ன்னார் நாராயணப்பன் கன்னடத்துல. "எலிக்கு டேக் போட்டிருக்கீங்களா?"

முதலாளி பல்லு உள்ள போயிடுச்சு.

"ஸ்டோர் சுவரை ஒட்டி எலி வளை. இது மேஜர்தான்"னு பேனாவை எடுத்தார்.

"சார், சார், ஒரு நிமிஷம்!" ஹரீஷ்குமார் குறுக்க பாஞ்சார். கம்பெனி வாசல்ல அன்னைக்கு வண்டி ஏறுற சரிவுக்குப் பூச்சு வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு. ஓடிப்போய் ஒரு சட்டி சிமெண்ட்டையும் கரணையையும் தூக்கிட்டு வந்துட்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் சிமெண்ட். "உங்க முன்னாடியே அடைச்சிடறோம் சார்!"

ஆடிட்டர் யோசிச்சார். "நான் கெளம்பறதுக்குள்ள அடைச்சிட்டா எழுத மாட்டேன். பொறுப்பாளர் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அந்தப் பாழாப்போன டேக்குல என் பேரு இருக்கே.

வாசலைப் பாத்தேன். உள்ளேருந்து சாத்தியிருக்கு. அவ உள்ளதான் இருக்கா. மெத்தை போட்டுப் படுத்திருக்கா, ஒருவேளை குட்டிங்களோட. மேல சிமெண்ட்டைப் பூசினா அவ்வளவுதான். ஒரு கையெழுத்து, என் ஸ்டோர் எனக்கு.

"அடைக்க வேணாம் தம்பி"ன்னேன். என் வாயிலேருந்து வந்துச்சான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு.

ஹரீஷ்குமார் என் காதுகிட்ட வந்து கெஞ்சினார். "மேடம், பஸ்ஸு மேடம்! பஸ்ஸை ஒரு தடவை நெனச்சுப் பாருங்க!" பாவம், அந்தப் பையன் எனக்காகத்தான் ஓடிப்போய்ச் சட்டியைத் தூக்கிட்டு வந்தது.

நெனச்சுப் பாத்தேன். அங்கேயே ஒரு தடவை குமட்டிச்சு.

"சார், அது உள்ள இருக்கு. கதவு சாத்தியிருந்தா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம். வீட்டுல ஆளை வெச்சுக் கதவுக்குப் பூச்சு பூச என் கையால வராது. நீங்க எழுதிக்கோங்க."

"எழுதினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். எழுதிட்டு அந்தக் கையில இருக்கிற கல்லைக் கீழ வெச்சுடுங்க, அதுக்குத் தேவைப்படும்."

நாராயணப்பன் கையைப் பாத்தார். பெரிய மனுசன், எழுதறதுக்கு முன்னாடி குந்தி உக்காந்து ஒவ்வொரு கல்லா வாசல்கிட்ட வெச்சார். அப்புறம் மேஜர்னு எழுதிட்டார். சட்டம் சட்டந்தானே.

ஸ்டோர் போச்சு. ரேக்கெல்லாம் லாரியில ஏத்தி அனுப்பிட்டாங்க. பின்பக்கம் சும்மாக் கெடக்குது, அங்க எலி இருந்தா என்ன, யானை வந்தா என்னன்னு முதலாளி விட்டுட்டார். மஞ்சக் கட்டம் மட்டும் அப்படியே இருக்காம்.

முதல் நாள் கம்பெனி பஸ்ஸுல ஏறினேன். ஜன்னலோரம் சீட்டு, மடியில கவர், வாயில எலுமிச்சம்பழம். எல்லையில இருக்கிற ஜூஜூவாடி தாண்டறதுக்குள்ள முதல் கவர் முடிஞ்சுது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல லாரிக்கு நடுவுல பஸ்ஸு நின்னு நின்னு உறுமுது, ரெண்டாவது கவர். அவளை நான் திட்டாத திட்டு இல்ல. "கல்லுல படுக்கிறவளே, உன்னால நான் தமிழ்நாட்டுலயும் வாந்தி, கர்நாடகாவுலயும் வாந்தி"ன்னு வாய்விட்டே திட்டினேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு எழுந்து பின்னாடி போயிடுச்சு.

அப்ப போன் அடிச்சுது. திம்மராயண்ணன்.

"அம்மா, ஒரு விஷயம். உங்க குவியல் பக்கத்துலயே புதுசா ஒரு குட்டிக் குவியல் வந்திருக்கு. கல்லெல்லாம் கடுகு, மிளகு சைஸுதான். அடுக்கவே தெரியல, எல்லாம் சரிஞ்சு கெடக்குது. இன்னும் பழகணும் போல."

எனக்குச் சிரிப்பு தாங்கல. பக்கத்து லாரிக்காரங்களே எட்டிப் பாக்கிறாங்க, வெக்கமாப் போயி ஜன்னலைச் சாத்திட்டுச் சிரிச்சேன். அடுத்த நிமிஷமே திறக்க வேண்டியதாப் போச்சு.